புது லேப்டொப் வருமுன் ஆசிரியர்களை எப்படித் தயார்ப்படுத்துவது?

கேட்டவர் கொழும்பில் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையின் தகவல் தொழில்நுட்ப ஆசிரியை. பழைய மாணவர் சங்கம் ஆசிரியர்களுக்கும் அலுவலகத்துக்குமாக நாற்பது புது லேப்டொப் வாங்கித் தருகிறது. இரண்டாம் தவணைக்குள் எல்லோரும் பழைய மெஷின்களிலிருந்து மாறிவிட வேண்டும் என்று அதிபர் சொல்லியிருக்கிறார். ஒரு சனிக்கிழமை அரைநாள் செயலமர்வு வைத்தால் போதுமா, ஓய்வுக்குக் கிட்ட நிற்கும் ஆசிரியர்கள் பயப்படுகிறார்களே, அவர்களை என்ன செய்வது என்பது அவர் கேள்வி.

அரைநாள் செயலமர்வு போதாது. மண்டபத்தில் ஒருவர் ஸ்டார்ட் மெனு, செட்டிங்ஸ் என்று புரொஜெக்டரில் காட்டுவார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திங்கட்கிழமை காலை ஓர் ஆசிரியர் தன் தரம் 9 புவியியல் வினாத்தாளைத் திறப்பார், எழுத்தெல்லாம் கிறுக்கலாக நிற்கும். இந்த மெஷினை நம்புவதா விடுவதா என்பதை அவர் அந்த நிமிடத்தில்தான் முடிவெடுப்பார். கொழும்பில் சில பாடசாலைகள் இப்படி மாறியபோது நான் கூட நின்றிருக்கிறேன். புது மெஷின் அலுமாரியில் பூட்டிக் கிடந்த இடங்களில் ஆசிரியரின் வயது காரணமாக இருந்ததை நான் அதிகம் காணவில்லை. அவருடைய வேலை அதில் ஓடவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே நான் சொல்லும் வழி இது. ஒவ்வொருவரும் தான் வழமையாகச் செய்யும் ஒரு வேலையை, தன் பழைய ஃபைலை வைத்தே, புது மெஷினில் திறப்பதிலிருந்து பிரிண்ட் எடுப்பது வரை ஒருமுறை தன் கையால் செய்து முடிக்க வேண்டும். அது முடியும்வரை அவரிடமிருந்து பழைய மெஷினை வாங்கக் கூடாது. கீழே எழுதுவதெல்லாம் இது நடப்பதற்கான ஆயத்தம்.

முதல் வேலையாக, மெஷின்கள் வர ஒரு மாதம் இருக்கும்போதே ஆசிரியர் அறைக்குப் போய் ஒவ்வொருவருடனும் பத்து நிமிடம் இருங்கள். கூகிள் ஃபோம் அனுப்பிக் கேட்க வேண்டாம். ‘வேர்ட், எக்செல்’ என்று மட்டும் நிரப்பி அனுப்புவார்கள், அதில் உங்களுக்கு எதுவும் தெரியவராது. பக்கத்தில் இருந்து, ‘போன தவணைப் பேப்பர் எங்கே வைத்திருக்கிறீர்கள், ஒருக்கா திறந்து காட்டுங்கள்’ என்று கேளுங்கள். பென் டிரைவிலா, டெஸ்க்டொப்பிலா, வட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி வைத்திருக்கிறாரா, மகனின் லேப்டொப்பிலா என்று தெரியும். எந்த எழுத்துரு, எந்த பிரிண்டர், புள்ளிப் பட்டியல் யார் செய்து கொடுத்த எக்செல் என்பதும் வெளியே வரும். இந்தக் குறிப்புகள்தான் உங்கள் திட்டம்.

தமிழ்மொழிமூலப் பாடசாலையில் இந்தக் குறிப்புகளில் பாதியை பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு பிடித்துக்கொள்ளும். இதை நான் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த வழிகாட்டியிலும் இது இருக்காது.

பாமினியில் அடித்த ஃபைலுக்குள் உண்மையில் தமிழ் எழுத்து கிடையாது. ‘அம்மா’ என்று நாம் அடித்தது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் கொடுப்பது எழுத்துருதான். புது விண்டோஸில் பாமினி கிடையாது. ஆகவே எழுத்துருவைப் போடாமல் மெஷினைக் கையில் கொடுத்தால், முதல் நாளே ஆசிரியரின் பல வருட உழைப்பு முழுவதும் அழிந்துபோனது போலத் தெரியும். உண்மையில் ஒன்றும் அழியவில்லை, ஆனால் அவருக்கு அந்த நேரத்தில் வரும் பதற்றம் உண்மையானது. பழைய மெஷினில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, அங்கே உள்ள தமிழ் எழுத்துருக்கள் அத்தனையையும் பிரதி எடுங்கள். பாமினி என்ற பெயரில் ஒன்று மட்டும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். தலைப்புக்கு ஒன்று, சான்றிதழுக்கு ஒன்று என்று அதே குறியீட்டில் வேறு பெயர்களிலும் கிடக்கும். புது மெஷினில் போடும்போது எல்லாப் பயனர்களுக்குமாக நிறுவும் தெரிவைக் கொடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் உங்கள் கணக்கில் போட்டது ஆசிரியரின் கணக்கில் வராது.

அடுத்தது, எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது எந்த மெஷினிலும் போனிலும் தமிழாகவே தெரியும் குறியீட்டுக்கு, மாற்றிவிடுவோம் என்று உற்சாகமாக ஒருவர் கிளம்புவார். அவரைத் தடுத்து நிறுத்துங்கள். பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் வெறும் வசனங்களுக்கு மிக நன்றாக வேலை செய்யும். ஆனால் ஒரு விஞ்ஞான வினாத்தாளை எடுங்கள். அதில் அட்டவணை, படம், சமன்பாடு, இடையிடையே ஆங்கிலச் சொல், அலகு எல்லாம் இருக்கும். மாற்றியில் ஒட்டியவுடன் எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்ற வேறுபாடு போய்விடும், ஏனென்றால் இரண்டும் உள்ளே ஒரே எழுத்துகள். எக்ஸ், வை எல்லாம் ஏதோ தமிழ் எழுத்தாக மாறி நிற்கும். பழைய பேப்பர்களை அப்படியே விடுங்கள். பாமினி எழுத்துரு மெஷினில் இருக்கும்வரை அவை திறக்கும், அச்சாகும். திருத்தி மீண்டும் பாவிக்கப் போகும் சிலவற்றை மட்டும், தேவை வரும்போது மாற்றலாம்.

ஆனால் புதிதாக எழுதுவதை ஒரு திகதி குறித்து யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டும். இதில் நான் உறுதியாக நிற்கிறேன். பாமினி வேர்ட் ஃபைல் பிள்ளையின் போனில் தமிழாகத் தெரியாது, கூகிள் டிரைவில் தேடினால் அகப்படாது, கூகிள் ஃபோமில் வினா போட உதவாது. ஆசிரியர்களிடம் இதைச் சொல்லும்போது ‘தரநிலை’ என்ற கதை வேண்டாம். ‘இனிமேல் நீங்கள் அனுப்பும் நோட்ஸ் பெற்றோரின் போனில் அப்படியே தமிழில் வாசிக்கலாம்’ என்று சொல்லுங்கள், அது போதும்.

அவர்களின் பயம் விசைப்பலகையில்தான் இருக்கிறது. பாமினி பழகிய விரலை மாற்றத் தேவையில்லை. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களில் பாமினி விசையமைப்பிலேயே அடித்து யூனிகோடு எழுத்தைப் பெறலாம். ஒரு மெஷினில் போட்டு நீங்கள் முதலில் சோதித்துப் பாருங்கள். தட்டச்சே பழகாத ஆசிரியர்களுக்கு வேறு வழி: அவர்கள் போனில் ஆங்கில எழுத்தால் தமிழ் அடித்து வட்ஸ்அப் குழுவில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள் அல்லவா, அதே முறை விண்டோஸிலேயே தமிழ் ஃபொனெட்டிக் என்ற பெயரில் இருக்கிறது. தமிழ்99 விசையமைப்பு பழகியவர்களுக்கு அதுவும் உண்டு. கண் மங்கிய, விரல் நோகும் மூத்த ஆசிரியர்களுக்கு நான் முதலில் காட்டுவது கூகிள் டொக்ஸில் குரல் தட்டச்சு. குரோமில் திறந்து, மொழியில் தமிழ் (இலங்கை) என்று தெரிவு செய்து, நிதானமாக வாசித்தால் பந்தி பந்தியாக எழுத்து விழும். நிறுத்தக்குறி போட வேண்டும், பிழை திருத்த வேண்டும், ஆனாலும் பாடக்குறிப்பு எழுதுபவருக்குப் பெரிய ஆறுதல் அது. இதைக் கண்டவுடன் முகம் மாறிய ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன்.

எழுத்துருவுக்கு அடுத்ததாக அடி விழும் இடம் புள்ளிப் பட்டியல். பல பாடசாலைகளில் முன்னர் இருந்த யாரோ ஒரு சேர் செய்து கொடுத்த எக்செல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். புள்ளியைப் போட்டால் மொத்தம், சராசரி, நிலை எல்லாம் வந்து, பொத்தானை அழுத்தினால் தேர்ச்சி அறிக்கை அச்சாகும். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் மக்ரோ, அதாவது எக்செலுக்குள் எழுதி வைத்த சின்ன நிரல், இருக்கிறது. 2022 இலிருந்து மைக்ரோசொஃப்ட், இணையத்தின் வழியாக வந்த ஃபைல்களில் மக்ரோவை இயல்பாகவே தடுத்துவிடுகிறது. மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பிலோ அனுப்பிப் புது மெஷினில் திறந்தால் சிவப்புப் பட்டையுடன் பொத்தான் செத்து நிற்கும். ஃபைலில் வலது கிளிக் செய்து, புரொப்பட்டீஸ் போய், அன்புளொக் என்பதில் சரி போட்டால் ஓடும். நம்பிக்கையான உங்கள் பாடசாலை ஃபைலுக்கு மட்டும் இதைச் செய்யச் சொல்லிக் கொடுங்கள். மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் லிப்ரே ஒஃபிஸ் போடப் போகிறீர்கள் என்றால், வினாத்தாள் வேலைக்குத் தாராளமாகப் போதும், ஆனால் இந்த மக்ரோ எக்செல் அதில் ஒழுங்காக ஓடும் என்று நம்பி இறங்காதீர்கள். தவணைப் பரீட்சைக்கு முன்னர் போலிப் புள்ளிகளைப் போட்டு ஒரு வகுப்பு அறிக்கையை முழுமையாக அச்செடுத்துப் பாருங்கள். எதைப் போட்டாலும், கிராக் பண்ணிய ஒஃபிஸ் மட்டும் வேண்டாம். அதோடு வரும் அக்டிவேட்டர்கள்தான் பல பாடசாலைகளுக்கு வைரஸ் கொண்டுவந்த வழி.

கணக்குகள் விடயம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பிறகு அதிகம் வலிக்கும். நிறைய ஆசிரியர்களின் ஜிமெயிலை ஒரு கொமியூனிகேஷன் கடையில் யாரோ ஒரு தம்பிதான் திறந்து கொடுத்திருப்பார். மீட்பு இலக்கம் அவருடைய போன் இலக்கமாக இருக்கும், பாஸ்வேர்ட் பழைய மெஷினின் குரோமுக்கு மட்டும்தான் தெரியும். பழைய மெஷினை அழித்த பின்னர் இது தெரியவந்தால் அந்த மின்னஞ்சல் போனதுதான். ஆகவே மாற்றத்துக்கு முந்தைய வாரத்தில் ஒவ்வொருவரையும் தன் போனில் தன் கணக்குக்குள் போக வைத்து, மீட்பு இலக்கத்தைத் தன்னுடையதாக மாற்ற வையுங்கள். பரீட்சைத் திணைக்களத்தின் இணையவழி விண்ணப்பம் போன்ற பாடசாலைப் பொதுக் கணக்குகளின் கடவுச்சொல் ஒரே ஒருவரின் மெஷினில் மட்டும் கிடக்கக் கூடாது. மூடிய உறையில் அதிபரின் அலுமாரியிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

இன்னொன்று, இதுதான் இந்தப் பதிலிலேயே நீங்கள் மறக்கக் கூடாதது. இப்போது வரும் விண்டோஸ் 11 மெஷின்களில் மைக்ரோசொஃப்ட் கணக்கு ஒன்றில் முதன்முதல் நுழைந்தவுடன் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுக் குறியாக்கம் ஆகலாம். அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்குக்குள் போய் உட்காரும். ஓர் ஆசிரியை வீட்டில் மகளின் கணக்கைப் போட்டுத் தொடங்கினால், சாவி மகளிடம். மெஷின் ஒருநாள் திருத்தத்துக்குப் போய் வந்து அந்தச் சாவியைக் கேட்டால், அது இல்லாமல் உள்ளே உள்ளதை எடுக்க வழியே இல்லை. எனவே பெட்டியை உடைப்பதும் முதல் கணக்கு போடுவதும் உங்கள் ஐ.சி.டி. அறையில், பாடசாலையின் கணக்கில் நடக்க வேண்டும். ஒவ்வொரு சாவியையும் மெஷினின் தொடர் இலக்கத்துடன் அச்செடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். பாடசாலைக்கென்று சொந்தக் கணக்குகள் இல்லாவிட்டால், கூகிளின் கல்விக்கான அடிப்படைத் தொகுப்பையோ மைக்ரோசொஃப்டின் ஏ1 தொகுப்பையோ இலவசமாகக் கேட்டு எடுக்கலாம். பெயர் மாற்றம், அனுமதி என்று இழுபடும், ஆகவே இப்போதே விண்ணப்பியுங்கள்.

பெட்டி உடைக்கும் அந்த வாரத்தில் எஸ் மோட் என்ற விண்டோஸின் கட்டுப்பாட்டு நிலை இருக்கிறதா பாருங்கள். மலிவான மெஷின்களில் வரும். மைக்ரோசொஃப்ட் ஸ்டோரில் உள்ளதைத் தவிர எதையும் போட விடாது, இ-கலப்பையும் ஏறாது. காசில்லாமல் அதிலிருந்து வெளியே வரலாம், திரும்பிப் போக முடியாது, போகவும் தேவையில்லை. விண்டோஸ் அப்டேட்டை முழுவதும் முடித்துவிட்டுக் கொடுங்கள். நாற்பது மெஷினும் ஆசிரியர் அறையில் ஒரே நாளில் அப்டேட் இழுத்தால் பாடசாலை இணையம் படுத்துவிடும். பக்கத்து மெஷினிலிருந்து அப்டேட்டை எடுக்கும் தெரிவு விண்டோஸில் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் டேட்டாவும் மிச்சம். டெஸ்க்டொப்பை மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பிடமான வன்டிரைவுக்குத் தானாக ஏற்றும் வசதியைத் தனிப்பட்ட கணக்குகளில் நிறுத்திவிடுங்கள். இலவசமாகக் கிடைப்பது 5 ஜி.பி., சில நாளில் நிரம்பி ‘இடமில்லை’ என்று மிரட்டத் தொடங்கும்.

சரி, இனி மனிதர்கள். ஆசிரியர்கள் புது லேப்டொப்பைத் தொடத் தயங்குவதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. அது பொருட்பதிவேட்டில் ஏறுகிறது. அரச பாடசாலை என்றால் இழப்பு நிதிப் பிரமாணங்களின்படி விசாரணைக்குப் போகும். ‘விழுந்து உடைந்தால் என் சம்பளத்தில் வெட்டுவார்களா?’ என்ற கேள்வி எல்லார் மனதிலும் இருக்கிறது, கூட்டத்தில் யாரும் எழும்பிக் கேட்பதில்லை. காலி வீதியில் 100, 101 பஸ்ஸில் பாடசாலை விடும் நேரத்தில் நின்றுகொண்டு வரும் ஒருவருக்கு இது சின்ன விடயமில்லை. அதிபர், அபிவிருத்திச் சங்கம், பழைய மாணவர் சங்கம் மூன்றும் இருந்து ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: வீட்டுக்குக் கொண்டு போகலாமா, வழமையான தேய்மானத்துக்கு யார் பொறுப்பு, களவு போனால் எத்தனை மணி நேரத்துக்குள் பொலிஸ் முறைப்பாடும் அதிபருக்கு அறிவித்தலும், சார்ஜர் பழுதானால் யாரிடம் போவது, இடமாற்றம் வந்தால் எப்படி ஒப்படைப்பது. தமிழில், சட்ட நடை இல்லாமல் எழுதுங்கள். கையெழுத்து வாங்குமுன் வாசித்துக் கேள்வி கேட்க நேரம் கொடுங்கள். இந்த ஒரு தாள் எந்தச் செயலமர்வையும் விடப் பலன் தரும் என்பது என் அனுபவம். அதில் மாணவர் விபரம் பற்றியும் இரண்டு வரி வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. பிள்ளைகளின் முகவரி, புள்ளி, மருத்துவக் குறிப்பு உள்ள மெஷினில் வீட்டுப் பிள்ளைகள் கேம் விளையாடக் கூடாது.

பயிற்சியை பாடசாலை விட்ட பிறகு வைக்காதீர்கள். காலை 7.30 இலிருந்து கத்திக் களைத்த மனிதரின் தலையில் பிற்பகலில் எதுவும் ஏறாது. நேரசூசியைப் பார்த்து, ஒரே பாடவேளை ஓய்வாக இருக்கும் நாலைந்து பேரைச் சேர்த்து, அந்த நாற்பது நிமிடத்தில் ஒரே ஒரு வேலை. முதல் தடவை: தன் பழைய பேப்பரைத் திறந்து ஒரு வினாவைத் திருத்தி பிரிண்ட் எடுப்பது. அடுத்த கிழமை: புரொஜெக்டரில் போடுவது. அப்புறம் புள்ளி போடுவது. ஆரம்பப் பிரிவு ஆசிரியைகளையும் உயர்தர ஆசிரியர்களையும் கலக்க வேண்டாம், அவர்களின் வேலை வேறு. உதவிக்கு நிற்பவர்களுக்கு ஒரே ஒரு கட்டளை: மற்றவரின் மௌஸைத் தொடக் கூடாது. வாயால் மட்டும் சொல்ல வேண்டும். நீச்சல் பழக்குபவர் பிள்ளைக்குப் பதிலாகத் தான் நீந்திக் காட்டிக்கொண்டே இருந்தால் பிள்ளை கரையில்தான் நிற்கும். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும் ஒரு மிஸ்ஸிடமிருந்து மௌஸைப் பறித்து டக் டக்கென்று செய்து காட்டினால், அவர் கற்றுக்கொள்வது ‘எனக்கு இது வராது’ என்பதை மட்டும்தான். அவருக்குத் தனியாக, கதவைச் சாத்திய அறையில், அவர் மதிக்கும் சக ஆசிரியர் ஒருவருடன் நேரம் ஒதுக்குங்கள். இளம் ஆசிரியர்கள் முன்னால் தடுமாற அவர் விரும்பமாட்டார், அந்த மரியாதையைக் கொடுப்பது நம் கடமை. கணினிக் கழக மாணவர்கள் பெட்டி தூக்க, லேபல் ஒட்ட உதவலாம். பாஸ்வேர்ட் போடும் இடத்திலும் வினாத்தாள் திறக்கும் இடத்திலும் அவர்கள் நிற்கக் கூடாது.

அலுவலகத்தை மறந்துவிடாதீர்கள். முகாமைத்துவ உதவியாளருக்குச் சிங்களத்திலும் கடிதம் வரும், போகும். அவரிடம் சிங்களத்திலும் பாமினி போன்ற பழைய எழுத்துரு ஃபைல்கள், எஃப்.எம். அபயா மாதிரி, கிடக்கும். அதே கவனம் அதற்கும் வேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்று விசைப்பலகையும் போட்டு, விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி மாற்றப் பழக்குங்கள். அவரது மெஷினைக் கடைசியாக மாற்றுங்கள், சம்பள வேலை நடக்கும் நாட்களில் தொடவே வேண்டாம்.

வன்பொருளில் சின்னச் சின்ன விடயங்கள்தான், ஆனால் முதல் பாடத்தைக் கெடுப்பவை அவைதான். பழைய வகுப்பறைகளில் உருண்டை முள் 5 அம்பியர் சொக்கெட்தான் இருக்கும், புது சார்ஜர் பெரும்பாலும் சதுர முள்ளோடு வரும். பழைய புரொஜெக்டர்களில் விஜிஏ இணைப்பு, புது மெஷினில் பெரும்பாலும் எச்டிஎம்ஐ இணைப்பு மட்டும். மாற்றி வாங்க வேண்டும், விஜிஏ வழியே சத்தம் போகாது என்பதால் ஸ்பீக்கர் வயரும் வேண்டும். இவற்றை பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மொத்தமாக எடுக்கலாம். பற்றுச்சீட்டும் உத்தரவாத அட்டையும் அலுவலகத்தில் இருக்கட்டும். பழைய லேசர் பிரிண்டருக்கு டிரைவர் ஏறுகிறதா என்று மெஷின் வாங்குமுன் ஒரு மாதிரியில் சோதியுங்கள். ரோனியோ என்ற பிரதியெடுக்கும் மெஷினுக்குப் போகும் மூலப்பிரதி அதில்தான் வருகிறது. நாற்பதும் ஒரே மொடலாக இருந்தால் சார்ஜர் பிரச்சினை பாதி தீரும். பழைய மாணவர்கள் ஆளுக்கொரு விதமாக வாங்கித் தருகிறோம் என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

நாள் குறிப்பதற்கு என் விருப்பம் சித்திரை விடுமுறை முடிந்து இரண்டாம் தவணை தொடங்கும் முதல் வாரங்கள். தவணைப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது யாரையும் மாற்றாதீர்கள், அதற்கு முன் மாறாதவர் பரீட்சை முடியும்வரை பழையதிலேயே இருக்கட்டும். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது, ஆகவே அந்தப் பழைய மெஷின்களை இணையத்திலிருந்து கழற்றிவிட்டு, அச்செடுக்கவும் பழைய ஃபைல் பார்க்கவும் மட்டும் வையுங்கள். ஒரு முழுத் தவணை, அதாவது ஒரு வினாத்தாள், ஒரு புள்ளிப் பட்டியல், ஒரு தேர்ச்சி அறிக்கை புது மெஷினில் முடியும்வரை எதையும் அழிக்க வேண்டாம். அதன் பிறகு ஆசிரியர் பக்கத்தில் இருக்க, டெஸ்க்டொப், டவுன்லோட்ஸ், சீ டிரைவின் மூலைமுடுக்கு எல்லாம் ஒருமுறை பார்த்து, ‘எடுத்துவிட்டேன்’ என்று அவர் சொன்ன பின்னரே டிஸ்க்கை அழியுங்கள். வெறுமனே டிலீட் செய்தது அழித்ததாகாது, விண்டோஸின் ரீசெட்டில் டிரைவைத் துப்புரவாக்கும் தெரிவைப் போட்டு அழித்த பின்னர்தான் அந்த மெஷின் பதிவேட்டிலிருந்து கழிக்க வெளியே போகலாம்.